அக்குபங்சருக்குப் போகலாம், தைராய்டு மாத்திரையை விட வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 53. மும்பை முலுண்டில் இருக்கிறேன், ஃபோர்ட்டில் வேலை. ஐந்து மாதமாக வலது தோளிலும் கழுத்திலும் வலி. இரவில் தூக்கம் கெடுகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், தைராய்டுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். செம்பூரில் அக்குபங்சர் பார்ப்பவர் ஒருவரிடம் போகச் சொல்கிறார் நாத்தனார். கப்பிங், மோக்ஸா எல்லாம் செய்வாராம். ஆனால் முதல் நாளே எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிடுகிறாராம். ஏதோ சீன மூலிகைத் தூளும் தருகிறார். போகலாமா டாக்டர்?

பதில்: அக்குபங்சருக்குப் போகலாம் அம்மா. மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும் போக வேண்டாம்.

முதலில் அந்தத் தோளைப் பார்ப்போம். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு வீட்டில் யாரையாவது மெதுவாகத் திருப்பிவிடச் சொல்லுங்கள். அடுத்தவர் திருப்பினாலும் கை நகரவில்லை, தலை வாரவும் ரவிக்கைக் கொக்கி மாட்டவும் முடியவில்லை என்றால், அது பெரும்பாலும் தோள் மூட்டு இறுகிப்போகும் 'ஃப்ரோஸன் ஷோல்டர்'. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும், ஒன்றிரண்டு வருடம்கூட இழுக்கும். இதற்கு முக்கியமான வைத்தியம் பிசியோதெரபி. அக்குபங்சர் ஊசி வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், ஆனால் இறுகிய மூட்டை அசைத்துத்தான் இளக்க வேண்டும். கை தாராளமாகச் சுழல்கிறது, கழுத்துப் பக்கத் தசைதான் கல்லாக இருக்கிறது என்றால் அது வேறு கதை. லோக்கல் ரயிலில் முலுண்டிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை ஒரு கையால் மேலே பிடித்துக்கொண்டு, அதே தோளில் பையையும் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இது சகஜம். அக்குபங்சருக்கு ஏற்ற வலி இதுதான்.

ஸ்டேஷன் படியேறும்போது வலி கூடி, நின்றால் குறைகிறது என்றால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் ஈசிஜி எடுத்துவிடுங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு நெஞ்சுவலி தோள்வலியாகவும் வரலாம்.

சரி, ஊசி வேலை செய்யுமா? நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுக்கு ஓரளவு பலன் உண்டு. ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அக்குபங்சர் முறை சொல்லும் புள்ளிகளில் குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திக்கொண்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 சதவீதம்தான். ஆக, குத்திக்கொண்டவர்களுக்கு நல்ல பலன், ஆனால் எங்கே குத்தினார்கள் என்பதில் பெரிய வித்தியாசமில்லை. புள்ளி, நாடி, சக்தி ஓட்டம் என்று யாராவது ஒரு மணி நேரம் விளக்கினால் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்காகத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

தூக்கத்துக்கு அக்குபங்சர் நேரடியாக உதவுகிறது என்பதற்கான ஆதாரம் அவ்வளவு திடமில்லை. திரும்பிப் படுக்கும்போது தோள் வலித்து விழிப்பு வருகிறதென்றால், வலி குறைந்தால் தூக்கமும் தானே வரும். தைராய்டு மாத்திரையின் அளவு கூடிவிட்டாலும் தூக்கம் போகும். தைராய்டு அளவைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பார்த்து எத்தனை மாதமாகிறது?

அந்த மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். தைராய்டு மாத்திரையான தைராக்ஸினை நிறுத்தினால் மறுநாள் ஒன்றும் ஆகாது, ஒரு வாரம் கழித்தும் பெரிதாகத் தெரியாது. உடம்பில் இருப்பதில் பாதி கழியவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். குழாயில் தண்ணீர் நின்ற பிறகும் மாடித் தொட்டியில் இருப்பது கொஞ்ச நாள் ஓடுகிற மாதிரி. அந்த இடைவெளியில் "பாருங்கள், மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறீர்கள்" என்று சொல்வது சுலபம். அப்புறம் அசதியும் மலச்சிக்கலும் எடை ஏற்றமும் வரும்போது, "கழிவு வெளியேறுகிறது" என்பார்கள். சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான். அளவு ஏறுவது ரத்தப் பரிசோதனையில் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

மகாராஷ்டிராவில் அக்குபங்சருக்கென்று தனிச் சட்டமும், பதிவு செய்துகொள்ள ஒரு கவுன்சிலும் உண்டு. பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். இந்த ஊரில் பலர் டாக்டர் கோட்னிஸ்தான் இந்த வைத்தியத்தைக் கொண்டுவந்தார் என்று நினைக்கிறார்கள். 1938இல் இந்திய மருத்துவக் குழுவோடு சீனா போன அவர் 1942இல் அங்கேயே இறந்துவிட்டார். அந்தக் குழுவில் உடன் போன கல்கத்தா டாக்டர் பி.கே. பாசுதான் பிற்பாடு இதைக் கற்று வந்து இங்கே பரப்பினார்.

ஊசி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உறையிட்டதாக, உங்கள் கண் முன்னே பிரித்ததாக இருக்க வேண்டும். தோளின் மேல்பக்கம் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் படுவது அபூர்வமாக நடந்திருக்கிறது. குத்திய அன்றோ மறுநாளோ திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினால் நேராகக் கேஷுவாலிட்டி போங்கள். கப்பிங் என்பது தோலில் கோப்பையைக் கவிழ்த்து உறிஞ்ச வைப்பது. அதில் விழும் வட்டத் தடம் சில நாளில் மறையும், பயமில்லை. ரத்தம் எடுக்கும் கப்பிங் மட்டும் வேண்டாம். மோக்ஸா என்பது மாசிபத்திரி வகை இலையைக் காயவைத்துக் கொளுத்தித் தோலருகே சூடு காட்டுவது. சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் சுட்டதே தெரியாது, ஆகவே காலில் வைக்க விடாதீர்கள்.

வாரம் ஒன்றோ இரண்டோ என்று ஆறு முறை போய்ப் பாருங்கள். அதற்குள் வலி கொஞ்சமாவது குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம். பன்னிரண்டு முறைக்கு முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

அந்தத் தூள் வேண்டவே வேண்டாம். 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. அதில் கலந்திருந்த அரிஸ்டோலோக்கியா என்ற செடிதான் காரணம். உங்கள் தூளில் என்ன இருக்கிறதென்று பொட்டலத்தில் எழுதியிருக்காது. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தே ஆக வேண்டும். ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால், பொட்டலத்தை எறிந்துவிடாமல் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போய், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.