தீப்பொறி வரவில்லை என்றால் ஸ்லீவ் ஒட்டியிருக்கிறதா?

கேள்வி: எரிவாயுக் குழாய் பதிக்கும் பணியில் தள மேற்பார்வையாளராக இருக்கிறேன். குழாயில் 3 மி.மீ. மூன்றடுக்கு பாலிஎத்திலீன் பூச்சு. வெல்டிங் இணைப்புகளில் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் (உட்புறம் பசையுள்ள பிளாஸ்டிக் உறை). 25 கிலோவோல்ட்டில் ஹாலிடே டிடெக்டர் (பூச்சில் ஓட்டை இருந்தால் தீப்பொறியும் ஒலியும் எழுப்பும் கருவி) ஓட்டினோம்; எங்கும் ஒலி எழவில்லை. ஆனாலும் ஒரு ஸ்லீவை அறுத்து உரித்துப் பார்க்கச் சொல்கிறார் ஆய்வாளர். நல்ல ஸ்லீவை ஏன் கெடுக்க வேண்டும்?

பதில்: நல்ல ஸ்லீவ்தானா என்பதே இன்னும் தெரியாதே! ஹாலிடே டிடெக்டர் ஓட்டையைத்தான் காட்டும், ஒட்டுதலைக் காட்டாது. இரும்பை விட்டு விலகித் தொங்கும் பிளாஸ்டிக் உறையும், கிழியாத வரை, மின்சாரத்தைத் தடுத்துவிடும். அங்கேதான் ஆபத்து. உறைக்கும் இரும்புக்கும் இடையே நிலத்தடி நீர் புகுந்தால், துருவைத் தடுக்கக் குழாய்க்குக் கொடுக்கும் கத்தோடிக் பாதுகாப்பு மின்னோட்டம் அந்த இடத்தை எட்டாமல் உறையே மறைத்துக்கொள்ளும். துரு உள்ளே வளரும்.

நீங்கள் வைத்த மின்னழுத்தம் சரி. ஐஎஸ்ஓ 21809-1 தரப்படி மி.மீ.க்கு 10 கிலோவோல்ட், உச்சவரம்பு 25. (இதே அளவை எப்பாக்சி மட்டும் பூசிய குழாயில் வைத்துவிடாதீர்கள், 400 மைக்ரான் பூச்சுக்கு ஏறத்தாழ 2 கிலோவோல்ட் போதும். மீறினால் கருவியே ஓட்டை போட்டுவிடும்.) ஆனால் ஒலி எழாததை நம்புவதற்கு முன், பூச்சின் மேல் ஓட்டும் கருவியின் கம்பிச் சுருளைக் குழாயின் வெற்று முனையில் தொட்டுப் பாருங்கள். எர்த் இணைப்பு விட்டுப்போன கருவியும் மௌனமாகத்தான் இருக்கும்.

உரிப்புச் சோதனைக்கு ஸ்லீவ் நன்றாக ஆற வேண்டும். குழாயின் சுற்றுவாக்கில் 25 மி.மீ. அகலப் பட்டையை இரும்பு வரை கீறி, நுனியைக் கிளப்பி, செங்குத்தாகச் சீரான வேகத்தில் இழுப்பார்கள். இழுவிசையைக் குறிப்பதோடு, உரிந்த முகத்தையும் கண்ணால் பாருங்கள். பசை நடுவில் கிழிந்து இரு பக்கமும் ஒட்டியிருந்தால் நல்லது. இரும்பின் மேல் அடிப்பூச்சாகப் பூசிய எப்பாக்சி அப்படியே நிற்க, பசை மட்டும் வழுவழுப்பாகக் கழன்றால் சூடு போதவில்லை. வெற்று இரும்பு தெரிந்தால் பிளாஸ்டிங்கை (துகள்களை வேகமாக வீசி இரும்பைச் சுத்தம் செய்வதை) சந்தேகியுங்கள்: தூசியோ, உப்போ, ஈரமோ இருந்திருக்கும். கடலோரத்தில் காலை வேளையில் இது சகஜம். இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஆலைப் பூச்சின் மீது ஸ்லீவ் ஏறியிருக்கும் ஓரத்திலும் ஒரு பட்டை உரியுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

உரித்த ஸ்லீவுக்கு ஒட்டுப் போடாமல், முழுதாக நீக்கிப் புதிதாகப் போடுங்கள். சோதனை தோற்றால், அதே குழு அன்று போட்ட மற்றவற்றையும் உரித்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்ததாரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.