ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கின் ஸ்போக் வீலை டியூப்லெஸ் ஆக்கிவிட்டு நம்பி லாங் ரைடு போகலாமா?

போகலாம், ஆனால் பின்சக்கரத்தை மட்டும் டியூப்லெஸ்ஸாக மாற்றுங்கள். லாங் ரைடு என்று கேட்பதால் நீங்கள் மலைப்பக்கம் போகிற ஆள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஊருக்குள் ஓட்ட மட்டும் என்றால் இந்தச் செலவே வேண்டாம்.

இமாச்சலில் ஸ்பிட்டியிலிருந்து குன்சும் கணவாய் இறங்கி, பாத்தலுக்கும் சத்ருவுக்கும் நடுவில் என் முன் டயர் போனது. அப்போது அங்கே ரோடு என்றால் உருண்டைக்கல்லும் ஓடைத் தண்ணீரும்தான், போன் சிக்னலும் இல்லை. கல்லில் ரிம் இடித்து டியூபில் பாம்புக்கடி மாதிரி இரண்டு வெட்டு. புது டியூப் போட்டேன், அவசரத்தில் டயர் கழற்றும் லீவரால் அதையும் கிழித்துவிட்டேன். விரல் மரத்துப்போகிற குளிரில் மறுபடி கழற்றி பேட்ச் ஒட்டி, கைப்பம்பில் காற்றடித்துக் கிளம்ப மூன்று மணி நேரம் ஆனது. கூட வந்தவர்களில் ஒருத்தர்கூட திரும்பி வரவில்லை. குரூப் ரைடு என்று ஆளுக்கு இவ்வளவு என வசூலிக்கிறவர்கள் கடைசி வண்டியாக ஒரு ஆளை வைக்க வேண்டாமா? இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊர் வந்ததும் இரண்டு சக்கரத்திலும், ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் ஓட்டை வழியாகக் காற்று போகாதபடி, நிப்பிள் ஒவ்வொன்றையும் ஆல்கஹாலால் துடைத்து, சீலன்ட் என்கிற அடைப்புப் பசை வைத்து, நன்றாகக் காயவிட்டு, மேலே டேப் ஒட்டினேன். பின்சக்கரம் இன்றுவரை பிரச்சினை தரவில்லை. மூன்று ஆணி ஏறியது, மூன்று தடவையும் சக்கரத்தைக் கழற்றாமல் பத்து நிமிஷத்தில் ஓட்டையில் ரப்பர் பிளக் அடித்துக் கிளம்பினேன். முன்சக்கரத்தில் ஒரு பள்ளத்தில் ஸ்போக் தளர்ந்தது, அதை முறுக்கியதும் சீல் விட்டுவிட்டது. மறுபடி டியூப்தான்.

முன் டயரில் அடிபட்டவனே இப்படிச் சொல்கிறானே என்பீர்கள். கல்லில் முதலில் மோதுவது முன் ரிம்தான், அது நெளிந்தால் டியூப்லெஸ் காற்றைப் பிடிக்காது, டியூப் இருந்தால் ஊர் வந்து சேரலாம். டியூபுக்கென்று செய்த ரிம்கள் பலவற்றில் டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடும் இருக்காது, காற்றைக் குறைத்து ஓட்டினால் விளிம்பு நழுவும். அதற்குத்தான் ட்யூப்ளிஸ் என்கிற செட் இருக்கிறதே என்று சிலர் வருவார்கள். உள்ளே 100 பிஎஸ்ஐக்கு மேல் காற்றடித்த சின்ன டியூப் விளிம்பை அழுத்திப் பிடிக்கும், நல்ல பொருள்தான், ஆனால் ரிம்மில் இன்னொரு ஓட்டை போட வேண்டும், தார்ரோட்டுக்கான அங்கீகாரமும் அதற்குக் கிடையாது.

டேப் வாங்குவதற்கு முன்னால் வீல் கோட்டம் எடுத்து ஸ்போக்கை எல்லாம் சரியாக முறுக்கிவிடுங்கள், ஒட்டிய பிறகு அதில் கை வைக்க முடியாது. பின்சக்கரத்துக்கும் ஒரு டியூப் பையில் இருக்கட்டும்.