லினக்ஸில் வாசிக்க எந்தக் கீபோர்டு?

கேள்வி: கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். என் மடிக்கணினியில் உபுண்டு மட்டுமே உள்ளது. கணினியில் செருகி வாசிக்கும் சிறிய மிடி கீபோர்டு ஒன்று வாங்க எண்ணுகிறேன். விண்டோஸ் இல்லாமல் ஓடுமா என்று தஞ்சாவூர்க் கடைக்காரர் தயங்குகிறார். 25 கட்டைகள் போதுமா?
— ஒரு வாசகி, திருவையாறு

பதில்: கடைக்காரரின் தயக்கத்தில் பாதிதான் நியாயம். யுஎஸ்பி மிடிக்கு வகுக்கப்பட்ட பொது நெறியைப் பின்பற்றும் கருவியை, அதாவது கையேட்டில் 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று குறிக்கப்பட்டதை, லினக்ஸின் ஒலிப் பகுதியான அல்சா தனி டிரைவர் ஏதுமின்றி ஏற்றுக்கொள்ளும். இன்றைய சிறிய கீபோர்டுகளில் பெரும்பாலானவை இவ்வகையே. அமைப்புகளை மாற்ற நினைக்கும்போதுதான் இடறும். அகாய் எம்பிகே மினி, ஆர்டூரியா மினிலேப் போன்றவற்றின் குமிழ்களுக்கும் தட்டி வாசிக்கும் பேடுகளுக்கும் வேறு பணி ஒதுக்கும் மென்பொருளை, அந்நிறுவனங்கள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே வெளியிடுகின்றன. ஆகவே, இலவசமாகத் தரப்படும் மென்பொருள்களைப் பார்த்து விலையை மதிப்பிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை உங்களுக்குப் பயன்படப் போவதில்லை.

25 கட்டைகள் போதும், ஆனால் ஷட்ஜத்தை (ஸ) கீபோர்டின் முதல் கட்டையில் வைத்தால் போதாது. இத்தகைய கீபோர்டு ஒரு 'சி'யில் தொடங்கி இரண்டு ஸ்தாயி தாண்டி இன்னொரு 'சி'யில் முடிகிறது. ஷட்ஜத்தை 'எஃப்'பில், அதாவது 4 கட்டை சுருதியில், வைத்துக்கொண்டால் இடது ஓரம் மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமமாகவும் வலது ஓரம் தார (மேல் ஸ்தாயி) பஞ்சமமாகவும் அமைந்துவிடும். பெரும்பாலான கீர்த்தனைகளுக்கு இந்த வீச்சே தாராளம். நீங்கள் 5 கட்டை சுருதியில் பாடுபவராயின், விரல்களை மாற்றாமல், சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை மட்டும் இரண்டு கூட்டிக்கொள்ளலாம்.

கட்டைகளின் எண்ணிக்கையைவிட நான் கவனிப்பது, ஒலிக்கும் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டைத்தான். கமகம் (சுர அசைவு) இல்லாத தோடி ராகத்தை யார் கேட்பார்கள்? தோடியின் சாதாரண காந்தாரம் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் இடையே அசைவது; அந்த இரண்டும் காந்தாரத்திலிருந்து இரண்டிரண்டு அரைச்சுரத் தொலைவில் உள்ளன. பெரும்பாலான மென்பொருள்கள் பெண்டுக்கு இயல்பாகத் தருவதும் இதே இரண்டு அரைச்சுரங்கள்தான். எம்பிகே மினியின் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளிலும் கோர்க் மைக்ரோகீ 25-இலும் இதற்குச் சக்கரம் கிடையாது, சிறு ஜாய்ஸ்டிக்தான். பக்கவாட்டில் அசைக்கும்போது கட்டைவிரல் சற்று மேலேறினாலும் மாடுலேஷன் என்ற அதிர்வு விளைவு சேர்ந்து ஒலி நடுங்கும். தனிச்சக்கரம் உள்ள மைக்ரோகீ 37 அல்லது முழு அளவுக் கட்டைகள் கொண்ட நெக்டார் இம்பாக்ட் எல்எக்ஸ்25 பிளஸ் சற்று நீளமானாலும் உங்களுக்குப் பொருந்தும் என்பதே என் கருத்து.

கீபோர்டு தானாக ஒலி எழுப்பாது. க்யூசிந்த் என்ற மென்பொருளில் ஒரு சவுண்ட்ஃபான்ட்டை (வாத்திய ஒலிகளின் கோப்பு) ஏற்றி வாசிக்கலாம். ஒலிப்பதிவுக்கு ஆர்டர் (Ardour) என்ற மென்பொருள் இருக்கிறது. விரல் பட்ட பின் ஒலி தாமதித்தால், உபுண்டுவில் ஒலியைக் கையாளும் பைப்வயரில் பஃபரை (ஒலியைச் சேர்த்து வைக்கும் இடைநிலை அளவு) 128 சாம்பிளுக்குக் குறையுங்கள்; 48,000 ஹெர்ட்ஸில் அது மூன்று மில்லிவினாடிக்கும் குறைவு. பழைய கணினி திணறி ஒலி வெடித்தால் 256 வைத்துக்கொள்ளலாம்.