2 லட்சம் கான்ட்ராக்டா, 1.1 லட்சம் சம்பளமா?

கேள்வி: எனக்கு 43 வயது, மேடவாக்கத்தில் இருக்கிறேன். 16 வருடமாக ஒரே ஐடி கம்பெனியில் மேனுவல் டெஸ்டிங், அதாவது மென்பொருளைக் கையால் சோதிக்கும் வேலை. புராஜெக்ட் முடிந்துவிட்டது, இரண்டு மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நெதர்லாந்து கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே இதே டெஸ்டிங் வேலையைச் செய்ய மாதம் 2 லட்சம் தருவதாகச் சொல்கிறது, ஆனால் கான்ட்ராக்ட். இன்னொரு பக்கம் ஒரு வெளிநாட்டு வங்கியின் சென்னை மையத்தில் நிரந்தர வேலை: கைக்கு 1.1 லட்சம், ஆட்டோமேஷன் (கருவிகளை வைத்துத் தானாகச் சோதிப்பது) கற்றுக்கொண்டு செய்ய வேண்டும். வீட்டுக்கடன் பாக்கி 19 லட்சம், வட்டி 8.1%. பி.எஃப். 21 லட்சம் இருக்கிறது, அதை எடுத்துக் கடனை அடைத்துவிட்டு கான்ட்ராக்டுக்குப் போகலாமா? எஃப்.டி. 3 லட்சம். மனைவியின் சம்பளம் 22,000. இ.எம்.ஐ.யோடு மாதச் செலவு 85,000. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு.

பதில்: பி.எஃப்.பை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் யோசிக்கவே எதுவும் இல்லை. எடுக்காதீர்கள். 2024-25க்கு பி.எஃப். வட்டி 8.25%, உங்கள் கடன் வட்டி 8.1%. அதிகம் சம்பாதிக்கும் பணத்தை எடுத்துக் குறைவாகக் கேட்கும் கடனை அடைப்பதில் என்ன லாபம்? எடுத்த பணத்தைத் திரும்ப உள்ளே போடவும் முடியாது. நாளைக்கு எதில் மாட்டினாலும் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாத பணம் அது. சேரும் இடத்தில் யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சரி, இப்போது அந்த 2 லட்சம். கேட்கும்போது 90,000 ரூபாய் வித்தியாசம் மாதிரி தெரிகிறது. ஆனால் கான்ட்ராக்டில் லீவு எடுத்தால் பணம் இல்லை, ஒரு கான்ட்ராக்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சும்மா உட்காரும் நாட்களும் வரும். வருடத்தில் பத்து மாதம் பணம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள், 20 லட்சம், அதாவது மாதம் 1.67 லட்சம். அந்த 1.1 லட்சம் வேலையில் உங்கள் பி.எஃப்., அவர்கள் போடும் பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று, பேசிக் 55,000 என்று வைத்தால், கிட்டத்தட்ட 16,000 தனியாகச் சேரும், அதை இங்கே நீங்களே ஒதுக்க வேண்டும். குடும்பத்துக்கும் அம்மாவுக்கும் மருத்துவக் காப்பீடு மாதம் 6,000 என்று வைப்போம். லேப்டாப், இன்வெர்ட்டர், ஆடிட்டர் ஃபீஸ் ஒரு 5,000. மிச்சம் 1.4 லட்சம். ஆக உண்மையான வித்தியாசம் 30,000தான்.

வரியில் கான்ட்ராக்டுக்கு ஒரு சலுகை உண்டு, அதை மறைக்க மாட்டேன். 44ஏடிஏ என்ற உத்தேச வருமான முறையில் ஐடி, தொழில்நுட்ப ஆலோசனை வேலை செய்பவர்கள் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். 20 லட்சம் வந்தால் 10 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி கிடையாது, மேலே போட்ட கணக்கிலும் அதனால்தான் வரியைக் கழிக்கவில்லை. ஆனால் வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். யூரோவில் நேரடியாக வந்தால் அது ஏற்றுமதி, எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிட்டு வரி இல்லாமல் பில் போடலாம். இங்கே உள்ள ஏதாவது ஏஜென்சிக்கு நீங்கள் பில் போட்டு அவர்கள் ரூபாயில் கொடுத்தால் 18% ஜி.எஸ்.டி. பணம் யார் கணக்கிலிருந்து வருகிறது என்று கேட்டீர்களா?

இன்னொன்றும் கேளுங்கள்: பில் போட்டு எத்தனை நாளில் பணம் வரும்? 45 நாள் என்பது இந்த மாதிரி வேலைகளில் சகஜம். ஜனவரி முழுக்க வேலை செய்து 31ஆம் தேதி பில் அனுப்பினால் மார்ச் 17க்குத்தான் முதல் ரூபாயைப் பார்ப்பீர்கள். அதற்குள் மூன்று இ.எம்.ஐ. போயிருக்கும். அம்பத்தூரில் கான்ட்ராக்டில் இருந்த, என்னிடம் கணக்குப் பார்க்க வரும் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி மெயில் வந்தது, திங்கள் முதல் வேலை வேண்டாம் என்று. ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் நோட்டீஸ் காலம் என்று ஒரு வரிகூட இல்லை, அவர் அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்.

நீங்கள் மறந்த பணம் ஒன்று இருக்கிறது. கிராஜுவிட்டி. உங்கள் இப்போதைய பேசிக் 60,000 என்றால் 60,000 × 15 ÷ 26 × 16, சுமார் 5.5 லட்சம். 20 லட்சம் வரை வரியும் இல்லை. வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். எஃப்.டி.யோடு சேர்த்தால் 8.5 லட்சம், மனைவி சம்பளம் போக மாதம் 63,000 தேவை என்றால் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். ஆக, பணத்தைப் பொறுத்தவரை கான்ட்ராக்டுக்குப் போகவும் உங்களால் முடியும்.

ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வங்கி வேலைக்குத்தான் போவேன். காரணம் அந்த 30,000 இல்லை, வேலையின் தன்மை. கான்ட்ராக்டில் நீங்கள் விற்கப்போவது 16 வருடமாகச் செய்த அதே மேனுவல் டெஸ்டிங், இப்போது ஏஐ டெஸ்ட் கேஸ் எழுதிக்கொடுப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். மூன்று வருடம் கழித்து 46 வயதில் அதே அனுபவத்தோடு மறுபடி சந்தைக்கு வந்தால் பேரம் பேச என்ன இருக்கும்? வங்கியில் செலினியம், பிளேரைட் என்று ஆட்டோமேஷன் கருவிகளைச் சம்பளத்தோடு கற்றுக்கொடுக்கிறார்கள், வங்கி வேலையின் நெளிவுசுளிவும் கூடவே கைக்கு வரும். அப்புறம் கான்ட்ராக்டுக்குப் போனால் பேசும் தொகையே வேறு. இதே நெதர்லாந்து வேலை ஆட்டோமேஷனாக இருந்திருந்தால் போங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

போகும் முன் ஒரு வேலை. கம்பெனி குரூப் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் அம்மாவுக்குத் தனி பாலிசியாக மாற்றித் தரக் கேளுங்கள், இதுவரை இருந்த வருடங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலத்தில் கழியும். புதிதாக எடுத்தால் சர்க்கரைக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. எச்.ஆரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.