பழைய விமானவியல் அறிக்கையின் எண்களை எங்கள் இறக்கைக்குப் பயன்படுத்தலாமா?

கேள்வி: நாங்கள் கோவையில் இயந்திரப் பொறியியல் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள். செயல்திட்டத்துக்காக ஆளில்லாச் சிறுவிமானம் ஒன்றை வடிவமைக்கிறோம். இறக்கையின் நாண் நீளம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 20 செ.மீ., பறக்கும் வேகம் நொடிக்கு 15 மீட்டர். நாசாவின் முன்னோடி அமைப்பான என்.ஏ.சி.ஏ. 1945-இல் வெளியிட்ட அறிக்கை எண் 824 நாசாவின் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதிலுள்ள 2412 ஏர்ஃபாயிலின் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) வரைபடங்களை எங்கள் திட்ட அறிக்கையில் சேர்க்கலாமா? இவ்வளவு பழைய எண்களை நம்பிக் கணக்கிடலாமா?

பதில்: முதற்கேள்விக்கு விடை, சேர்க்கலாம் என்பதே. அமெரிக்க அரசு ஊழியர்கள் தம் பணியின் பகுதியாக உருவாக்கும் ஆக்கங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது என்று அவர்களுடைய பதிப்புரிமைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு கூறுகிறது. நாசாவும் தன் வெளியீடுகளைக் கல்விக்காகப் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆனால் அதே களஞ்சியத்தில் ‘சி.ஆர்.’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் அறிக்கைகள், ஒப்பந்த அடிப்படையில் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் நாசாவுக்காக எழுதியவை. அவற்றுள் சிலவற்றின் உரிமை எழுதியவர்களிடமே இருக்கக்கூடும் என்பதால், உரிமைக் குறிப்பைப் படித்த பின்பே படத்தை எடுங்கள். எந்த அறிக்கையானாலும் ஆசிரியர் பெயர், அறிக்கை எண், ஆண்டு, பக்கம் ஆகிய நான்கையும் படத்தின் கீழேயே குறிப்பிடுங்கள். ‘நன்றி: நாசா’ என்று மட்டும் எழுதினால், உங்கள் கணக்கைச் சரிபார்க்க விரும்பும் எவருக்கும் அது உதவாது.

இந்த அறிக்கைகள் நமக்குக் கிடைப்பது தற்செயல் அன்று. 1915-இல் தொடங்கப்பட்ட என்.ஏ.சி.ஏ., அரசுப் பணத்தில் கண்டறிந்தவற்றை அச்சிட்டு விமானத் தொழில் முழுமைக்கும் வழங்கி வந்தது. நட்சத்திர வடிவ எஞ்சின்களின் காற்றுத் தடையைப் பெரிதும் குறைத்த உறையை ஃப்ரெட் வைக்கும் அவருடைய குழுவினரும் 1928-இல் உருவாக்கியபோது, அந்த முடிவுகளைப் போட்டி நிறுவனங்கள் எல்லாமே எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. 1958-இல் நாசாவை உருவாக்கிய சட்டமோ, ஆய்வின் முடிவுகளை நடைமுறையில் இயன்ற அளவு பரவலாக வெளியிடுவதை அந்த அமைப்பின் கடமையாகவே விதித்தது. பொதுப்பணத்தில் நடக்கும் எந்த ஆய்வுக்கும் இத்தகைய கடமை இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே வேளையில், 2013 மார்ச்சில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சோதனைக்காக இந்தக் களஞ்சியமே சில வாரங்கள் மூடப்பட்டது என்பதையும் நினைவில் வைத்து, உங்களுக்குத் தேவையான அறிக்கைகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கவனம் தேவைப்படும் இரண்டாவது கேள்விக்கு வருவோம். 824-ஆம் அறிக்கையின் அளவீடுகள் நம்பத்தக்கவை; ஆனால் அவை உங்கள் இறக்கை பறக்கும் நிலைமையில் எடுக்கப்பட்டவை அல்ல. அந்தச் சோதனைகள் லாங்லி ஆய்வுக்கூடத்தில், கொந்தளிப்பு மிகக் குறைவான அழுத்தக் காற்றுச் சுரங்கத்தில், 2 அடி நாண் கொண்ட மாதிரிகளை வைத்து, பெரும்பாலும் 30, 60, 90 இலட்சம் என்ற ரெனால்ட்ஸ் எண்களில் (வேகம், அளவு, காற்றின் பாகுநிலை மூன்றையும் இணைத்து ஓட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) நடந்தன. உங்கள் எண்ணைக் கணக்கிட்டுப் பாருங்கள்: வேகத்தை நாணால் பெருக்கி, காற்றின் இயக்கப் பாகுநிலையான 0.000015-ஆல் வகுத்தால், சுமார் 2 இலட்சம் வருகிறது. அதாவது, அறிக்கையின் மிகக் குறைந்த எண்ணிலும் பதினைந்தில் ஒரு பங்கு.

இந்த இடைவெளியைச் சிறு திருத்தக் காரணி ஒன்றால் நிரப்பிவிட முடியாது, ஏனெனில் இங்கே ஓட்டத்தின் தன்மையே மாறிவிடுகிறது. இரண்டு இலட்சம் அளவிலான ரெனால்ட்ஸ் எண்ணில், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கான எல்லைப் படலம் நெடுந்தூரம் சீரடுக்காகவே ஓடி, அழுத்தம் உயரத் தொடங்கும் இடத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் பரப்பை விட்டுப் பிரிந்து, பிறகு கொந்தளிப்பாக மாறி மீண்டும் பரப்பில் ஒட்டுகிறது. பிரிவுக்கும் ஒட்டுதலுக்கும் இடையில் ஒரு குமிழி உருவாகிறது. அந்தக் குமிழி பின்னிழுவிசையைக் கூட்டுகிறது, மீண்டும் ஒட்டாமல் போனால் ஏற்றத்தையும் (விமானத்தைத் தூக்கும் விசை) வெகுவாகக் குறைக்கிறது. 824-ஆம் அறிக்கையின் வரைபடத்திலிருந்து உச்ச ஏற்றக் கெழுவை எடுத்து ஸ்டால் வேகத்தை (இதற்குக் கீழே போனால் இறக்கை போதிய ஏற்றத்தைத் தராது) கணக்கிட்டால், உண்மையான ஸ்டால் நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக வேகத்திலேயே வந்துவிடும், தரையிறங்கும்போது விமானத்தை இழக்க நேரிடும். அதே அறிக்கையில், முன்விளிம்பில் 0.011 அங்குலக் கார்போரண்டம் துகள்களை ஒட்டிச் சொரசொரப்பாக்கிச் சோதித்த தனி வளைகோடுகளும் உண்டு. அவை 60 இலட்சம் ரெனால்ட்ஸ் எண்ணுக்கு உரியவை என்பதால், உங்கள் இறக்கையின் கரடுமுரடான மேற்பரப்புக்கு ஈடாக அவற்றையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்குப் பொருத்தமான அறிக்கை அதே களஞ்சியத்தில் இருக்கிறது. எப்ளர் 387 என்ற ஏர்ஃபாயிலை மெக்கீ, வாக்கர், மில்லார்ட் மூவரும் லாங்லியில் 60,000 முதல் 4,60,000 வரையான ரெனால்ட்ஸ் எண்களில் சோதித்து, 1988-இல் நாசா டி.எம். (டெக்னிக்கல் மெமோரண்டம்) 4062 என்ற அறிக்கையாக வெளியிட்டார்கள். குமிழி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதுவரை அதில் அளவீடுகள் உள்ளன. அந்த ஏர்ஃபாயிலையே உங்கள் விமானத்துக்குத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைப்பேன். 2412-ஐ விட மனமில்லையென்றால், மார்க் ட்ரெலா உருவாக்கிய, இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்ஃபாயில் மென்பொருளைக் கொண்டு அதை 2 இலட்சத்தில் கணக்கிடலாம். ஆனால் அதற்கு முன் எப்ளர் 387-ஐ அதே மென்பொருளில், அதே எண்ணில் ஓட்டி, 4062-இன் அளவீடுகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஸ்டாலுக்கு அருகில் இந்த மென்பொருள் ஏற்றத்தைச் சற்றுக் கூடுதலாகக் காட்டும் இயல்புடையது என்பதால், அந்தப் பகுதியில் எவ்வளவு விலகல் வருகிறது என்பதைப் பார்த்து, 2412-இன் உச்ச மதிப்பிலும் அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் மற்றொன்றும் உண்டு. 824-இல் உள்ளவை வெட்டுமுக மதிப்புகள், அதாவது நுனியே இல்லாத இறக்கைக்கு உரியவை. நீள்விகிதம் (நுனிக்கு நுனி நீளத்துக்கும் நாணுக்கும் உள்ள விகிதம்) 6 கொண்ட இறக்கையில், நீள்வட்ட ஏற்றப் பரவலைக் கொண்டாலும், ஏற்றக் கோட்டின் சாய்வு (இறக்கையின் கோணம் ஒரு பாகை கூடும்போது ஏற்றக் கெழு கூடும் அளவு) கோட்பாட்டின்படி கால் பங்கு குறைந்துவிடும். ஒரு பாகைக்கு 0.11 என்றிருப்பது ஏறத்தாழ 0.082 ஆகும். மாறாக, 78 ஏர்ஃபாயில்களைத் தொகுத்த 1933-ஆம் ஆண்டின் 460-ஆம் அறிக்கை நீள்விகிதம் 6 கொண்ட முழு இறக்கை மாதிரிகளைச் சோதித்தது. அது நடந்த, காற்றை 20 மடங்கு அழுத்தும் சுரங்கத்தில் கொந்தளிப்பு அதிகம் இருந்ததால், அதன் எண்களையும் 824-இன் எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

தேடும்போது உதவும் குறிப்பு: என்.ஏ.சி.ஏ. காலத்து ‘டி.எம்.’ அறிக்கைகள் பெரும்பாலும் ஜெர்மன் முதலிய மொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட கட்டுரைகள், நாசா காலத்து ‘டி.எம்.’ அவர்களுடைய சொந்த ஆய்வு. ஆகவே எண்ணோடு, வெளியிட்ட அமைப்பின் பெயரையும் சேர்த்தே குறித்துவையுங்கள். உங்கள் திட்ட அறிக்கையில் வளைகோட்டை அச்சிடும்போது, ரெனால்ட்ஸ் எண்ணையும், சுரங்கத்தின் பெயரையும், மேற்பரப்பு வழவழப்பானதா சொரசொரப்பானதா என்பதையும் படத்தின் தலைப்பிலேயே எழுதி, எப்ளர் 387 ஒப்பீட்டைப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.