ஓவனில் 'எஃப்3' என்று வந்தால் என்ன அர்த்தம்?

பிழைக் குறியீடு என்பது எங்கே கோளாறு என்று ஓவன் காட்டும் அடையாளம். பல மின் ஓவன்களில் எஃப்3 என்றால் வெப்ப உணரிப் பிரச்சினை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

உள்ளே பின்சுவரில் பென்சிலைவிட மெல்லிசாக நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிதான் பெரும்பாலும் அந்த உணரி. சூடு ஏற ஏற அதன் மின்தடை கூடும்; அதை வைத்துத்தான் ஓவன் சூட்டைக் கணக்கிடும். பல அமெரிக்க மாடல்களில் அறை வெப்பத்தில் சுமார் 1,080 ஓம். வயர் அறுந்தாலோ இணைப்பு தளர்ந்தாலோ கணக்குத் தப்பும், ஓவன் சூடாக்குவதை நிறுத்திவிடும். தெர்மாமீட்டர் உடைந்த வீட்டில் காய்ச்சல் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

சரி, முதலில் பிரேக்கரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். மறுபடி வந்தால் மெக்கானிக்கிடம் உணரியின் தடையை அளக்கச் சொல்லுங்கள்.

குறியீடு மறைந்தாலே சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள்; தளர்ந்த இணைப்பாக இருந்தால், ஓவன் நன்றாகச் சூடேறியதும் அது திரும்ப வரலாம்.