ஐந்தாம் மாதம், தனித்தனி அறை

கேள்வி: மனைவிக்கு ஐந்தாவது மாதம். எல்லாம் நல்லபடியாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் அப்பத்தா, பிரசவம் ஆகும்வரை சேரவே கூடாது என்று அவளைத் தன்னோடு உள்ளறையிலும், என்னைப் பட்டாலையிலும் படுக்கவைத்துவிட்டார். உறவு கொண்டால் பிள்ளைக்கு ஆபத்தா?
- பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: இல்லை, தம்பி. கர்ப்பத்தில் சிக்கல் இல்லாதவரை கடைசி மாதத்தில்கூட உறவு கொள்ளலாம். குழந்தை தடித்த தசைச்சுவருக்குள், பனிக்குட நீரில் இருக்கிறது. கர்ப்பப்பையின் வாயைக் கெட்டியான சளி அடைத்திருக்கிறது. உறவுக்குப் பிறகு வயிறு சற்று இறுகித் தளர்வதும் இயல்புதான். ஆரம்ப மாதங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் குரோமோசோம் கோளாறே காரணம். 'சேர்ந்ததால்தான் கலைந்தது' என்று நம் ஊர்ப் பெண்கள் வாங்கிய பழி கொஞ்சமா!

அப்பத்தாவைக் கோபிக்காதீர்கள். அவர் பிள்ளை பெற்ற காலத்தில் ஸ்கேன் ஏது? நஞ்சுக்கொடி கீழே ஒட்டிக் கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால், ரத்தம் கொட்டும்போதுதான் தெரியும். அந்தப் பயத்தில் எல்லோருக்குமாகத் தடை போட்டிருக்கலாம். இப்போது 20 வாரத்தையொட்டி எடுக்கும் ஸ்கேனில் நஞ்சு இருக்கும் இடத்தை எழுதியே தருகிறார்கள். ஃபைலைத் திறந்து 'பிளசென்டா' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். கீழே இருப்பதாகப் போட்டிருந்தால் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். பலருக்கு வயிறு வளர வளர அது மேலே ஏறிவிடும். ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, கர்ப்பப்பை வாயில் தையல், முன்பு குறைமாதப் பிரசவம், இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் சேரக்கூடாது. அடுத்த செக்கப்பில் நீங்கள் இருவர் மட்டும் உள்ளே போய், 'சேரலாமா டாக்டர்?' என்று வாய்விட்டே கேளுங்கள். கூட மாமியார் நின்றால் எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது.

இத்தனை கேட்டீர்களே, உங்கள் மனைவிக்கு விருப்பம் உண்டா என்று ஒரு வரி எழுதவில்லையே? வாந்தி, மார்பக வலி, அசதி என்று அவர் படும் பாட்டில் அப்பத்தா பக்கத்தில் படுப்பதே நிம்மதியாக இருக்கலாம். கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்றால், வயிறு அமுங்காமல் ஒருக்களித்துப் படுப்பது சௌகரியம். மாதம் ஏற ஏற அவர் நெடுநேரம் மல்லாந்து படுக்க வேண்டாம்.

அப்புறம், அப்பத்தாவிடம் பேசும் வேலையை மனைவி தலையில் கட்டாதீர்கள். டாக்டர் சொன்னதை நீங்களே போய்ப் பதமாக எடுத்துச் சொல்லுங்கள்.